முப்பத்திரண்டு பேர் எழுதிய ஏடு

(வெளியூர்க் குடும்பமும் பிள்ளைகள் படிப்பும் – மாதப் பகுதி)



சென்ற திங்கள் இப்பகுதியில் விடுதிச் செலவைப் பற்றிச் சில கூறியிருந்தேன். அதனைப் படித்த ஒரு தாயார் சங்கக் காரியதரிசியின் வாயிலாக எனக்கு ஒரு கடிதம் விடுத்திருக்கிறார். அவருடைய மகன் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவன். வகுப்பு மாணவர்கள் தமக்குள் ஒரு கூட்டு அமைத்துக்கொண்டு, பேராசிரியர்களின் விரிவுரைகளை முறைவைத்துக் குறிப்பெழுதி, எல்லோருமாகப் பங்கிட்டுக்கொள்கிறார்களாம். பிரதியெடுக்கும் செலவுக்கென மாதந்தோறும் ஒரு சிறு தொகையும் கேட்கிறார்களாம். "ஒருவன் எழுதியதை மற்றொருவன் படித்துத் தேறுவது களவு ஆகாதா? அதற்குப் பணம் வேறு கொடுக்க வேண்டுமா? தானே உட்கார்ந்து எழுதிப் படித்தால் என்ன குறைந்துவிடும்?" என்று அந்த அம்மையார் கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு விடை கூற எனக்கு என்ன தகுதி உண்டு என்று சிறிது தயங்கினேன். நான் மெட்ரிகுலேஷனோடு நின்றவன். என் தந்தையார் ரயில்வேயில் பணியிலிருக்கும்போதே காலமானார். அப்பொழுது எனக்குப் பதினெட்டு வயது. என் தங்கைக்கு நான்கு. அவர் அமர்ந்திருந்த நாற்காலிக்குச் சற்றுக் கீழே ஒரு நாற்காலியைக் கருணை அடிப்படையில் எனக்கு அளித்தார்கள். அன்று தொட்டு நான் ரயில்வே எழுத்தன். ஆயினும் இரண்டு காரணங்களால் துணிந்து எழுதுகிறேன். ஒரு தாளில் உள்ளதை மற்றொரு தாளில் பெயர்த்தெழுதுவதும், பெயர்த்ததை மூலத்தோடு ஒத்துப் பார்ப்பதும் என் அன்றாடத் தொழில் என்பது ஒன்று. அன்று நான்கு வயதாக இருந்த தங்கை இன்று இந்த நாகபுரியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், அவளும் இத்தகைய கூட்டு ஒன்றில் உறுப்பினள் என்பது மற்றொன்று.

முதலில் இக்கூட்டு எங்ஙனம் நடைபெறுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவப் படிப்பின் முதற்பகுதியில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்றும் பாடங்கள். இரண்டாம் பகுதியில் நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், மருந்தியல் ஆகியவை. பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசுகிறார். திரையில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. எழுதுகிறவன் படத்தைப் பார்க்க இயலாது. படத்தைப் பார்க்கிறவன் எழுத இயலாது. இரண்டையும் ஒருசேரச் செய்ய முயன்றவனுக்கு இரண்டும் அரைகுறையாகவே வாய்க்கும்.

ஆகவே மாணவர்கள் வேலையைப் பகுத்துக்கொள்கிறார்கள். என் தங்கையின் கூட்டில் முப்பத்திரண்டு பேர். ஒரு விரிவுரைக்கு ஒருவர் குறிப்பெழுத வேண்டும். அவர் அன்றிரவே அதனைச் செப்பமாக எழுதிப் படம் பிடித்துக் கைப்பேசியின் வழியே அனுப்பிவிடுவார். பிறகு இன்னொருவர் அதனைத் தட்டச்சுச் செய்வார். திங்கள் முடிவில் எல்லாவற்றையும் சேர்த்துக் கல்லூரி வாயிலிலுள்ள ஜெராக்ஸ் கடையில் பிரதியெடுத்துக் கட்டி, ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். முப்பத்திரண்டு விரிவுரைக்கு ஒருமுறைதான் ஒருவருடைய முறை வரும். மற்ற நாட்களில் அவர் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணையும் காதையும் பேராசிரியரிடம் கொடுத்து அமர்ந்திருக்கலாம். காய்ச்சலில் படுத்தவனுக்கும், தங்கையின் திருமணத்துக்கு ஊர் போய் வந்தவனுக்கும் பாடம் தப்பிப் போவதில்லை.

இது நம் நாட்டில் மட்டும் தோன்றிய வழக்கம் அன்று. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர்களே சங்கம் போல் அமைத்துக்கொண்டு, விரிவுரைகளை ஒலிப்பதிவு செய்து, முறைவைத்து எழுத்தில் வடித்து, சந்தா செலுத்தியவர்களுக்கு வழங்கி வந்திருக்கிறார்கள்.

அதற்கும் நெடுங்காலம் முன்பே, ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் போயர்ஹாவே என்ற பெரும் மருத்துவப் பேராசிரியர் இருந்தார். அவரிடம் பாடம் கேட்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் மாணவர் திரண்டனர். அவர் ஆற்றிய வேதியியல் விரிவுரைகளை மாணவர் எழுதிய குறிப்புகளிலிருந்து, அவருடைய அனுமதியின்றி, 1724இல் யாரோ நூலாக அச்சிட்டு விற்றுவிட்டார்கள். பெயர் அவருடையது, பிழைகளோ குறிப்பெழுதியவர்களுடையவை. மனம் நொந்த போயர்ஹாவே 1732இல் தாமே முறையான நூலை எழுதி வெளியிட்டார். அது மெய்யான பதிப்பு என்பதைக் காட்டும் பொருட்டு ஒவ்வொரு பிரதியிலும் தம் கையொப்பத்தை இட்டார். எத்தனை பிரதி, எத்தனை கையொப்பம் என்று எண்ணும்போது எழுத்து வேலை செய்யும் என் விரல்கள் வலிக்கின்றன!

லண்டனில் 1823இல் தொடங்கப்பட்ட 'லான்செட்' என்ற மருத்துவ இதழ் இன்றும் உலகப் புகழோடு வெளிவருவது. அதன் தொடக்க காலத்தில் மருத்துவமனைப் பேராசிரியர்களின் விரிவுரைகளை அவர்களுடைய இசைவின்றியே குறிப்பெடுத்து அதில் அச்சிட்டார்கள். அபர்நெதி என்ற அறுவை மருத்துவர் இதனை எதிர்த்து வழக்காடினார். 1825இல் தடையுத்தரவும் பெற்றார். விரிவுரை கேட்கும் மாணவன் தன் பயனுக்காகக் குறிப்பெழுதிக்கொள்ளலாம். அதனை அச்சிட்டு விற்று இலாபம் பெறலாகாது என்பதே அவ்வழக்கில் எழுந்த நியாயம். இருநூறு ஆண்டுகள் கழிந்தும், நம் தாயாரின் கேள்விக்கு இதிலேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது. பயிலும் பொருட்டு எழுதிப் பகிர்வது வேறு. விற்றுப் பிழைப்பது வேறு.

நம் தமிழர்க்கு நெருங்கிய செய்தி ஒன்றும் உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் 1848 முதல் நம்மவர்க்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பின்னர்த் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். தமிழிற் பாடநூல் இல்லையே? அவரிடம் பயின்றவர்களும் உதவியாளர்களும் ஆங்கில நூல்களை மொழிபெயர்க்க, அவர் வரிவரியாக ஒத்துப் பார்த்துத் திருத்தினார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் இங்ஙனம் வெளிவந்தன. அவரிடம் பயின்று அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் மருத்துவர்கள் உருவானார்கள். பலர் கை சேர்ந்து எழுதினார்கள். ஆனால் திருத்தும் கை ஒன்று பொறுப்போடு இருந்தது. இந்த இரண்டாவது செய்தியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வெளியூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இக்கூட்டு ஏன் மிகுதியும் தேவைப்படுகிறது என்பதையும் கூற வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் நூற்றுக்குப் பதினைந்து அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரப்பப்படுகின்றன. அவ்வழியே மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிள்ளைகள் இப்பக்கத்துக் கல்லூரிகளுக்கு வருகிறார்கள். பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனால் பேராசிரியர் ஒரு நுட்பத்தை விளக்கும்போது, மாணவர்க்கு எளிதாக இருக்கட்டும் என்று இந்திக்கோ மராத்திக்கோ தாவிவிடுகிறார். வகுப்பு முழுவதும் தலையசைக்கிறது. நம் பிள்ளை மட்டும் விழிக்கிறான். எது விளக்கமாகக் கூறப்பட்டதோ அதுவே அவனுக்கு விளங்காமற் போகிறது! மறுநாள் ஆங்கிலத்தில் வரும் குறிப்புத்தான் அவனுக்குக் கைகொடுக்கிறது. என் தங்கை இங்கேயே பிறந்து வளர்ந்தவளாதலின் மராத்தி அவளுக்கு நன்கு வரும். மதுரைப் பக்கத்து மாணவன் ஒருவன் அவளுடைய குறிப்பைக் கொண்டே முதலாண்டைத் தாண்டினான் என்று அவனுடைய தாயார் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கண்கலங்கச் சொன்னார். அவனும் சும்மா பெற்றுக்கொள்ளவில்லை. உடற்கூற்றுப் படங்களை வரைவதில் அவன் வல்லவன். கூட்டில் உள்ள படங்களெல்லாம் அவனுடையவை. இதனைக் களவு என்று எப்படிக் கூறுவது? கைமாற்று என்றுதான் கூற வேண்டும்.

இதுவரை நான் கூறியதெல்லாம் இம்முறையின் நன்மை. இனி எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் தங்கையின் இசைவு பெற்றே எழுதுகிறேன்.

சில திங்கள்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேர்வு நெருங்கியிருந்தது. தங்கை என்னிடம் அந்த மாதத்துக் கட்டைக் கொடுத்து, "அண்ணா, நீங்கள் வாசியுங்கள். நான் புத்தகத்தை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அலுவலகத்தில் வாசித்துப் பழகியவர் நீங்கள், எழுத்தைக் கூட்டிக் குறைத்து வாசிக்க மாட்டீர்கள்" என்றாள். அவள் கையில் திரிபாதி எழுதிய மருந்தியல் நூல். எனக்கோ பொருள் ஒன்றும் விளங்காது. ஆயினும் சம்பளப் பட்டியலை வாசிப்பது போல் எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டு போனேன். அம்மா கீரையை ஆய்ந்துகொண்டு பக்கத்தில் அமர்ந்திருந்தார்.

கடும் ஒவ்வாமையால் மூச்சுத் திணறிக் கிடப்பவருக்குச் செய்ய வேண்டிய சிகிச்சை என்று ஒரு பகுதி வந்தது. "அட்ரினலின், 5 மில்லிகிராம், தசை வழியாக" என்று வாசித்தேன்.

"மறுபடி வாசியுங்கள்" என்றாள்.

மறுபடியும் வாசித்தேன். ஐந்து என்றுதான் அச்சாகியிருந்தது. அவள் நூலை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அதில் 0.5 என்று இருந்தது. அரை மில்லிகிராம் எங்கே, ஐந்து மில்லிகிராம் எங்கே? பத்து மடங்கு. உயிர் காக்க வேண்டிய மருந்து அந்த அளவில் இரத்த அழுத்தத்தை ஏற்றி, இதயத் துடிப்பைக் குலைத்து, உயிருக்கே உலை வைக்கக்கூடும் என்று அவள் கூறினாள்.

"இதைத் தட்டச்சுச் செய்தவன் யார்? இப்படியா கவனமில்லாமல் இருப்பது?" என்று சினந்துகொண்டே கைப்பேசியைத் திறந்து மூலக் குறிப்பின் படத்தைத் தேடினாள். தேடி எடுத்தவள் பேசாமல் இருந்துவிட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். அது அவளுடைய கையெழுத்து.

அவள் 0.5 என்று எழுதவில்லை. முன்னே பூஜ்யத்தை விட்டு, புள்ளியும் ஐந்துமாக.5 என்று மட்டும் எழுதியிருந்தாள். அந்தப் புள்ளி நோட்டுப் புத்தகத்தின் நீலக் கோட்டின்மேல் சரியாக அமர்ந்திருந்தது. படத்தில் கோடு தெரிந்தது, புள்ளி தெரியவில்லை. தட்டச்சுச் செய்தவன் கண்டதைச் செய்தான். முப்பத்திரண்டு பேர் கையிலும் ஐந்து மில்லிகிராம் என்று போய்ச் சேர்ந்துவிட்டது. கட்டு வந்து பன்னிரண்டு நாட்களாகியிருந்தன. ஒருவரும் கேட்கவில்லை. ஏனெனில் ஒருவரும் நூலோடு ஒத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு மில்லிகிராம் தெரியாது. ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "அதை நம்பி நாளைக்கு ஒருவன் ஊசி போட்டால்?" என்று மட்டும் கேட்டார்.

தங்கை நெடுநேரம் அமர்ந்திருந்தாள். பிறகு, "தட்டச்சில் வந்த பிழை என்று சொல்லிவிட்டால் போதும். அது என் கையெழுத்து என்று யாருக்கும் நினைவிராது" என்றாள். அவள் கவலை எனக்குப் புரியாமலில்லை. இத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தும், எங்கள் வீடு இன்றும் இத்தெருவில் 'மதராசி வீடு'தான். வகுப்பிலும் அவளுக்கு அப்பெயர் உண்டு. நன்றாக எழுதுகிறவள் என்ற பெயரை இரண்டு ஆண்டு பாடுபட்டுச் சம்பாதித்திருக்கிறாள். அதை ஒரு புள்ளிக்காக இழப்பதா என்று அவளுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

நான் அவளுக்கு உபதேசம் செய்யவில்லை. என் கதையைச் சொன்னேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஓர் ஊழியருடைய பழைய பதிவேடு கிழிந்து போனதால் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதும் வேலை எனக்கு வந்தது. அவருடைய பிறந்த ஆண்டில் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன். பிழையை நானே மறுநாள் கண்டேன். சொன்னால் புதியவன் என்று ஏளனம் செய்வார்களே என்று அஞ்சி மூன்று நாள் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் தலைமை எழுத்தரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "தம்பி, இது உன் கையில் இருந்தவரை உன் பிழை. ஏட்டில் ஏறிவிட்டால் அந்த மனிதருடைய பென்ஷன்" என்றார். சிவப்பு மையில் அடித்து, சரியான ஆண்டை எழுதி, இருவரும் பக்கத்தில் கையொப்பமிட்டோம். அந்த ஊழியர் ஓய்வு பெற்ற நாளில் எனக்கு இனிப்புக் கொடுத்தார். அவருக்கு இன்றுவரை அந்தச் செய்தி தெரியாது.

தங்கை அன்று ஒன்றும் பதில் கூறவில்லை. இரவு வெகுநேரம் விளக்கு எரிந்தது. மறுநாட் காலை வகுப்புத் தொடங்குமுன், ஆசிரியரிடம் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு முன்னே போய் நின்றாளாம். "மருந்தியல் கட்டில் அட்ரினலின் அளவு தவறு. 0.5 என்பது 5 என்று வந்திருக்கிறது. மூலத்தில் புள்ளியைத் தெளிவாக இடாதவள் நான். எல்லோரும் இப்பொழுதே திருத்திக்கொள்ளுங்கள். கட்டைப் பிறருக்குக் கொடுத்தவர்கள் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்" என்றாளாம். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள் என்றும் சொன்னாள்.

ஆனால் அன்று மாலைக்குள் வேறொன்று நடந்தது. மூன்று பேர் தனித்தனியே அவளிடம் வந்து, தாங்கள் எழுதிய பக்கங்களிலும் பிழை இருப்பதைக் கண்டதாகவும், சொல்ல வெட்கப்பட்டு இருந்துவிட்டதாகவும் கூறினார்கள். ஒருவன் ஹைட்ரலசின், ஹைட்ராக்சிசின் என்ற இரண்டு பெயர்களையும் மாற்றி எழுதியிருந்தான். முன்னது இரத்த அழுத்தத்தைக் குறைப்பது. பின்னது அரிப்பைத் தணிப்பது. காதுக்கு இரண்டும் ஒன்று போலவே ஒலிக்கின்றன. நோயாளியின் உடம்புக்கு அவை ஒன்றல்ல.

அதன்பின் அவர்களுடைய கூட்டின் முறை மாறிவிட்டது. இப்பொழுது ஒரு விரிவுரைக்கு இருவர். ஒருவர் எழுதுகிறார், மற்றவர் நூலோடு ஒத்துப் பார்க்கிறார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருவர் பெயரும் இருக்கின்றன. முறை முப்பத்திரண்டு விரிவுரைக்கு ஒருமுறை என்பது பதினாறுக்கு ஒருமுறை என்று ஆகியிருக்கிறது. வேலை இரட்டித்ததால் நான்கு பேர் விலகிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பதிலாக வேறு நால்வர் சேர்ந்தார்கள்.

ரயில்வேக்காரனுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. ஒரு நிலையத்திலிருந்து வண்டியை விடுமுன், அடுத்த நிலையத்தாரிடம் பாதை காலியாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அவர் இசைந்தால் அதற்கு அடையாளமாக ஓர் இரகசிய எண்ணைக் கொடுக்கிறார். இவர் அதனைத் திருப்பிச் சொல்லி ஏட்டில் பதிந்துகொள்கிறார். அந்தப் பக்கத்தில் இருப்பவர் இருபது ஆண்டு பழகிய நண்பராகவே இருக்கலாம். அதற்காக எண்ணைக் கேளாமல் வண்டியை விடுவதில்லை. கேட்பதனால் நட்புக் கெடுவதுமில்லை.

இனி, பிள்ளைகள் இத்தகைய கூட்டில் இருக்கும் வீட்டார் கவனிக்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றுகிற சிலவற்றைக் கூறி முடிக்கிறேன்.

முதலாவது, குறிப்பு நூலுக்கு ஈடாகாது. நூலை ஒருமுறையேனும் படித்தபின் குறிப்பைப் படிக்க வேண்டும். குறிப்பை மட்டும் படித்துத் தேறியவன், தேர்வறையிலிருந்து வெளியே வந்ததும் வெறுங்கையனாகிறான். மருந்தளவு எங்கே வந்தாலும் நூலைத் திறந்து பார்த்தல் வேண்டும். எழுதும்போது 0.5 என்று பூஜ்யத்தோடு எழுத வேண்டும். முழு எண்ணுக்குப் பின்னால் வேண்டாத புள்ளியும் பூஜ்யமும் இடலாகாது; 5.0 என்பதை ஐம்பது என்று படிப்பவர் உண்டு. மைக்ரோகிராம் என்பதைச் சுருக்காமல் முழுச் சொல்லாக எழுத வேண்டும். சுருக்கெழுத்தை மில்லிகிராம் என்று தவறிப் படித்தால் ஆயிரம் மடங்கு பிழையாகிவிடும்.

இரண்டாவது, குறிப்பு வந்துவிடும் என்ற தைரியத்தில் வகுப்புக்குப் போகாமலிருப்பது. இதுவே இம்முறையின் பெருந்தீமை. தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி விரிவுரை வகுப்புகளில் நூற்றுக்கு 75, செய்முறையில் 80 வருகை இல்லாதவர் தேர்வெழுத இயலாது. விதி கிடக்கட்டும். எல்லோரும் வராமலிருந்துவிட்டால் எழுதுவது யார்? வந்தவன் முதுகில் வராதவன் ஏறிக்கொள்வது கூட்டு ஆகாது, சுமை ஆகும்.

மூன்றாவது, இக்காலத்தில் ஒலிப்பதிவை இயந்திரமே எழுத்தாக மாற்றித் தந்துவிடுகிறது. நேரம் மிச்சமாகிறது என்பது மெய். ஆனால் முன்பு சொன்ன இரண்டு மருந்துப் பெயர்களை மனிதக் காதே மயங்கிக் கேட்டது. இயந்திரம் மயங்காது என்பதற்கு உறுதி என்ன? அது எழுதியதற்கும் ஒத்துப் பார்க்கும் ஆள் ஒருவர் வேண்டும். அவர் பெயர் அடியில் இருக்க வேண்டும். ஒலிப்பதிவு செய்யுமுன் பேராசிரியரிடம் அனுமதி கேட்பதும் மரியாதை.

நான்காவது, பிள்ளைகள் மருத்துவமனை வார்டுக்குச் சென்று எழுதும் குறிப்பில் நோயாளியின் பெயரோ படமோ இருத்தலாகாது. நம் வீட்டு நோயை நாம் அடுத்த வீட்டுக்குச் சொல்லுகிறோமா? அவ்வாறே பிறர் நோயையும் காக்க வேண்டும். கைப்பேசியில் அனுப்பியது எத்தனை கைக்குப் போகும் என்பது அனுப்பியவனுக்கும் தெரியாது.

ஐந்தாவது, பணம். தாளுக்கும் பிரதிக்கும் ஆகும் செலவைப் பங்கிட்டுக்கொள்வதில் பிழையில்லை. கணக்கை எழுதி எல்லோரும் பார்க்க வைத்தால் போதும். கொடுக்க இயலாத மாணவனை விலக்கலாகாது. அவனும் தன் முறைக்கு எழுதுகிறான் அன்றோ? ஆனால் அக்குறிப்பைக் கட்டி அடுத்த ஆண்டு மாணவருக்கு விலை வைத்து விற்கத் தொடங்கினால், உங்கள் பிள்ளையை அதிலிருந்து விலகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடிதம் எழுதிய அம்மையாருக்கு என் விடை இது. தங்கள் மகன் கூட்டில் சேரட்டும். மாதத் தொகையையும் கொடுங்கள். ஆனால் அவனை இரண்டு கேள்வி கேளுங்கள். "உன் முறை எப்பொழுது?" என்பது ஒன்று. "நீ எழுதியதை ஒத்துப் பார்ப்பது யார்?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை இருந்தால் கவலை வேண்டாம். ஒத்துப் பார்க்க ஆள் இல்லையென்றால், ஞாயிற்றுக்கிழமை தாங்களே வாசியுங்கள். பொருள் விளங்க வேண்டும் என்பதில்லை. எழுத்தைக் கூட்டிக் குறைத்து வாசிக்காமலிருந்தால் போதும். எனக்கும் விளங்கவில்லை, பிழை அகப்பட்டது.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். ஒத்துப் பார்க்க நூல் வேண்டும். மருத்துவ நூல்களின் விலை எல்லா வீட்டாருக்கும் எட்டுவதில்லை. நம் சங்க நூலகத்தில் ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்கலாம். படித்து முடித்த மருத்துவர்கள் உள்ள வீட்டார் தங்களிடமுள்ள நூல்களை அளித்தால் பின்வரும் பிள்ளைகளுக்கு உதவும். மருந்தளவுகள் காலத்துக்குக் காலம் மாறுவதால், மருந்தியல் நூல் மட்டும் அண்மைப் பதிப்பாக இருத்தல் நலம். என் தங்கை தன் முதலாண்டு நூல்கள் மூன்றைச் சென்ற ஞாயிறன்று நூலகத்தில் சேர்த்துவிட்டாள். அவற்றில் அவள் கையால் எழுதிய ஓரக்குறிப்புகள் பல உள்ளன. எல்லா எண்களுக்கும் முன்னால் பூஜ்யம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டே கொடுத்தாள்.

அடுத்த திங்கள், வெளி மாநிலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இருப்பிடச் சான்று பெறும் வழியைப் பற்றி எழுதுவேன். ஐயமுள்ளவர்கள் காரியதரிசிக்கு எழுதுக.

– ரயிலடிக் கணக்கன்